மண்ணின் ஆழமும் மாந்தர் கழிவும்

'குப்பை' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் 'குவியல்' என்பதே பொருள். நெல்லின் குவியலும் உப்பின் குவியலும் அன்று குப்பை என்றே வழங்கப்பெற்றன. பயன்தரும் குவியலைக் குறித்த சொல், காலப்போக்கில் பயனற்றதைக் குறிக்கலாயிற்று. இக்குவியலை எங்கே கொட்டுவது என்பதே இன்று நகரங்களின் கவலை. "பூமியில் ஆழ்ந்த துளையிட்டு அதனுள் போட்டுவிடலாகாதா?" என மாணவர் சிலர் வினவுவதுண்டு. நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று இது. சற்று ஆராய்ந்து விடை காண்போம்.

புவியின் மையம் ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மனிதன் இட்ட துளைகளுள் செங்குத்தாக மிக ஆழமானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. சோவியத் ஆட்சியில், 1970இல் தொடங்கிய அத்துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ். பாறை இளகித் துளையை மூட முற்பட்டமையால் அதற்குமேல் செல்ல இயலவில்லை. துளையின் அகலமோ ஒரு சாண். அதாவது, ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். கணக்கிட்டுப் பார்ப்பின், முழுத் துளையும் 500 கன மீட்டர் அளவே கொள்ளும். பத்துக் கன மீட்டர் ஏற்றும் லாரிகள் ஐம்பது வந்தால் நிரம்பிவிடும். பத்தொன்பது ஆண்டு உழைப்பு, பெருநகர் ஒன்றின் ஒரு நாள் குப்பைக்கும் போதாது!

கண்டத் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் அமிழும் கடலடிப் பள்ளங்களில் இட்டால், புவியே விழுங்கிவிடாதா என்பாரும் உளர். அத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே நகர்கின்றன. மேலே படிந்தவற்றுள் ஒரு பகுதி உள்ளே செல்லாமல் வழித்தெடுக்கப்பட்டு விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. எனவே அவ்வழியும் நமக்கு உதவாது.

துளையை விடுத்துச் சுரங்கத்தை நாடினால் என்ன? ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில், 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கலன்களில் கதிரியக்கக் கழிவு வைக்கப்பட்டது. உப்புப் பாறை நீரை அண்டவிடாது என்பது நம்பிக்கை. ஆயின் 1988 முதல் நாள்தோறும் ஏறத்தாழ 12 கன மீட்டர் உப்புநீர் உள்ளே கசிவது அறியப்பட்டது. கழிவை மீட்டெடுக்க வேண்டும் என 2013இல் சட்டமே இயற்றப்பட்டது. தந்தையர் புதைத்ததை மைந்தர் தோண்டியெடுக்க வேண்டிய நிலை!

ஆழத்தில் புதைப்பது என்றும் தவறு என்பது நம் கருத்தன்று. பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோவில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறையில், 400 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் 'ஓன்கலோ' என்னும் காப்பறை குடையப்பட்டுள்ளது. அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைச் செப்புக் கலத்தில் அடைத்துக் களிமண் சூழ வைப்பதே திட்டம். ஓரிலட்சம் ஆண்டுகளைக் கருதிச் செய்யும் ஏற்பாடு அது. அக்கழிவு அளவிற் சிறிது, தீங்கிற் பெரிது. ஆதலின் அத்துணைச் செலவும் தகும்.

வீட்டுக் குப்பையோ இதற்கு நேர்மாறானது. அளவிற் பெரிது, நாளும் வளர்வது. நம் நகரக் குப்பையில் ஏறக்குறையப் பாதி மக்கும் தன்மையது. காற்றுப்படும்படி மக்கவிட்டால் எருவாகும் அதுவே, காற்றுப்புகா ஆழத்தில் அழுகினால் எரியத்தக்க மீத்தேன் வாயுவாகிறது. கசியும் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. கண்ணுக்கு மறைந்தது நிலத்துக்கு மறைவதில்லை.

ஆகவே வினாவுக்கு விடை இதுவாகும்: சிறிதளவான கொடுங்கழிவுக்கு ஆழம் புகலிடமாகலாம், அன்றாடக் குப்பைக்கு ஆகாது. மக்குவதை மண்ணுக்கும், மக்காததை மறுபயனுக்கும் பிரித்துத் தருவதே நேரிய வழி. அதற்குப் பன்னீராயிரம் மீட்டர் தோண்ட வேண்டுவதில்லை; நம் அடுக்களையில் இரண்டு கூடைகள் வைத்தால் போதும். கிணற்றையும் வயலையும் நமக்குத் தூய்மையாக விட்டுச் சென்றனர் நம் முன்னோர். வருங்கால மக்களுக்கு நாம் விட்டுச் செல்வது எந்தக் குப்பை? நெற்குப்பையா, நச்சுக்குப்பையா? சிந்திப்போம், இன்றே செயற்படுவோம்.