துண்டிலிருந்து மின்னஞ்சல் வரை: கந்தோர்த் தொடர்பாடலில் மரியாதையும் உரிமையும்

அலுவலகத் தொலைபேசியில் எவ்வாறு பேசவேண்டும், மின்னஞ்சலை எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிக்கவேண்டும் என்பன பற்றிய போதனைகள் இன்று கைந்நூல்களாகவும் பயிற்சி வகுப்புகளாகவும் பெருகியுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை மரியாதையைத் தனிமனிதரின் நற்பழக்கமாக மட்டுமே நோக்குகின்றன. இனிய குரலும் சுருக்கமான வாசகமும் பொருத்தமான விளியும் அமைந்துவிட்டால் யாவும் நிறைவுறும் என்பது அவற்றின் கருத்து. மறுபுறத்தே, முற்போக்காளர் சிலர் இந்நெறிகளை மத்தியதர வர்க்கத்தின் வெறுஞ் சம்பிரதாயம் என ஒதுக்கிவிடுவதுமுண்டு. இவ்விரு நோக்குகளும் குறையுடையன. கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் பொறுத்தவரை அலுவலகத் தொடர்பாடல் நெறி என்பது அடிப்படையில் ஓர் உரிமைப் பிரச்சினையாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேச்சுமுறைக்கும் சமூக அமைப்புக்கும் உள்ள தொடர்பை மார்க்சியர் எப்போதும் புறக்கணித்தனர் என்று கூறுவதற்கில்லை. 1929இல் வெளிவந்த ‘மார்க்சியமும் மொழியின் தத்துவமும்’ என்னும் நூலில் வொலோஷினொவ், உரையாடலில் நாம் கைக்கொள்ளும் மரியாதை வடிவங்கள் சமூகத்தின் படிநிலை அமைப்போடு பிணைந்தவை என்பதை வலியுறுத்தினார். 1960இல் பிறவுண், கில்மன் ஆகிய இருவரும் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, ஒருமை விளியும் பன்மை விளியும் அதிகாரத்தையும் தோழமையையும் உணர்த்தும் குறிகளாகச் செயற்படுமாற்றை விளக்கினர். ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என விரியும் தமிழுக்கு இவ்வாய்வுகள் பெரிதும் பொருந்துவன. யார் யாரை ‘நீ’ என்கிறார், பதிலுக்கு யார் யாரை ‘ஐயா’ என்கிறார் என்பதை நோக்கினால் அவ்விருவருக்குமிடையிலான உற்பத்தி உறவு பெருமளவுக்குப் புலனாகிவிடும்.

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். அக்காலந் தொட்டு மலைநாட்டில் விரிந்த தேயிலைப் பொருளாதாரத்தில் நிருவாகத்தின் எழுத்துமொழி ஆங்கிலமாகவும், வேலை வாங்கும் மொழி தமிழாகவும் இருந்தன. தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரைக்குத் தமிழ் கற்பிப்பதற்கெனப் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளியிடப்பட்ட கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். ஒரு மொழியின் வாசலாக ஒருமை ஏவல் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டமை தற்செயலன்று. ஆளும் வர்க்கத்துக்கு அம்மொழியில் வேண்டியிருந்தது கட்டளையே, உரையாடலன்று.

எழுத்தின் நிலையும் இத்தகையதே. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குச் செல்வதாயின் அவனுக்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. அவன் பட்ட கடனைத் தீர்த்தால் அவனை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டாகும். தன்னைப்பற்றி எழுதப்பட்ட, தன்னால் வாசிக்கமுடியாத ஒரு காகிதத்தில் தொழிலாளியின் நடமாட்டம் தங்கியிருந்தது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் எழுத்து என்பது மேலிருந்து கீழே வருவது என்னும் அனுபவம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. லயன்களில் வாழும் குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லாமையால் அவர்களுக்கு வரும் கடிதங்களைத் தோட்டக் கந்தோரிற் சேர்ப்பிக்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் வங்கியின் அறிவித்தலும் உரியவர் கைக்கு எப்போது வரும் என்பதை இடையிலுள்ள கந்தோரே தீர்மானிக்கின்றது. தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு மின்னஞ்சலும் கைத்தொலைபேசியும் எத்துணை பெரிய விடுதலை என்பதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின்னர் இப்பிரச்சினை அரசாங்கக் கந்தோர்களின் மொழிப் பிரச்சினையாக வடிவங்கொண்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் 16ஆவது திருத்தம் இதனை மேலும் தெளிவாக்கிற்று. அதன்படி, சிங்களத்திற் பதிவேடுகள் பேணப்படும் பகுதியிலும் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளலாம். எழுதிய மொழியிலேயே மறுமொழி பெறவும் அவருக்கு உரித்துண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றுநிருபம், புதிதாகச் சேவையிற் சேர்வோர் இரண்டாவது அரசகரும மொழியில் 5 ஆண்டுகளுக்குள் தேர்ச்சிபெறல் வேண்டும் என நிபந்தனை விதித்தது. ஆகவே, தமிழில் வந்த கடிதத்துக்குத் தமிழில் விடையளிப்பது உத்தியோகத்தரின் பெருந்தன்மையைப் பொறுத்த விடயமன்று. அது அரசியலமைப்பு அவருக்கு விதித்த கடமை.

ஆயின் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையில் ஒரு தொலைபேசி இருக்கின்றது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, மகளின் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயர்ப்பிழையைத் திருத்துவதற்காகத் தாயொருத்தி கண்டிக் கந்தோர் ஒன்றுக்குத் தொலைபேசி எடுக்கிறாள் எனக் கொள்வோம். எதிர்முனையிலிருப்பவர் தமது பெயரையோ பதவியையோ கூறுவதில்லை. அவள் தமிழிற் பேசத்தொடங்கியதும், பிறகு எடுக்கும்படி கூறப்படுகின்றது. ஒரு நாட் சம்பளத்தை இழந்து அவள் நேரிற் செல்கிறாள். இன்ன உத்தியோகத்தர் இன்ன திகதியில் இவ்வாறு கூறினார் என்பதற்கு அவளிடம் சான்றேதுமில்லை. தொலைபேசியிற் சொல்லப்பட்ட மறுப்பு சுவடின்றி மறைந்துவிடுகின்றது. அக்குறணையிலிருந்து அழைக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிக்கும் இதுவே நேரலாம். சுவடின்மை எப்போதும் வலியவருக்கே வாய்ப்பானது. எளியவருக்கு வேண்டியது பதிவு.

இவ்விடத்திலேதான் சம்பிரதாயம் எனப்படுவதன் உண்மையான பெறுமதி வெளிப்படுகின்றது. தொலைபேசியை எடுத்தவுடன் கந்தோரின் பெயரையும் தமது பெயரையும் பதவியையும் கூறுதல், அழைத்தவரின் மொழி தெரியாவிடின் அவரது இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அம்மொழி அறிந்தவரைக் கொண்டு மீள அழைத்தல், மின்னஞ்சலுக்குக் கிடைத்த அன்றே பெற்றுக்கொண்டமையை அறிவித்தல், விடயத்தைத் தலைப்பில் தெளிவுறக் காட்டுதல், முந்தைய கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிடுதல் ஆகியன யாவும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட மனிதரோடு பிணைப்பன. பெயர் கூறிய உத்தியோகத்தர் பதில்கூற வேண்டியவராகிறார். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இவற்றுட் சிலவற்றைத் தகவற் கோரிக்கைகளைப் பொறுத்துச் சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பின் தகவல் அலுவலரே அதனை எழுத்தில் வரைதல் வேண்டும். பெற்றுக்கொண்டமையை உடனடியாக எழுத்திற் கொடுத்து, 14 வேலைநாட்களுக்குள் முடிவை அறிவித்தல் வேண்டும். மின்னஞ்சல்வழிக் கோரிக்கையும் எழுத்துமூலக் கோரிக்கையாகவே கொள்ளப்படும்.

எழுதுவோர் தரப்பிலும் கவனிக்கவேண்டியன உள. தொலைபேசியிற் பேசியபின், யாரோடு எப்போது பேசினோம், என்ன கூறப்பட்டது என்பதை அன்றே ஒரு சிறிய மின்னஞ்சலில் எழுதி அனுப்புதல் நன்று. மறையவிருந்த பேச்சு அதனால் ஆவணமாகின்றது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஒருங்குறியில் எழுதினால் வாசிக்கமுடியவில்லை என்னும் சாட்டுக்கு இடமிராது. மறுமொழி வேற்று மொழியில் வந்தாலோ, வராமலேயிருந்தாலோ, 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அவ்வேளையிலும் துணைநிற்பது திகதியிட்ட மின்னஞ்சலே. ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்று காலனித்துவ மனுக்களின் பாணியில் முடிக்க வேண்டியதுமில்லை. உரிமையுள்ள பிரசை ‘உண்மையுள்ள’ என எழுதிக் கையொப்பமிட்டாற் போதும்.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். மரியாதை என்பது மேலோர் கீழோருக்குக் காட்டும் கருணையாகவும் கீழோர் மேலோருக்குச் செலுத்தும் திறையாகவும் இருக்கும்வரை அதனைச் சம்பிரதாயம் எனக் கண்டிப்பதில் நியாயமுண்டு. ஆனால் பெயர், திகதி, மொழி, காலவரையறை ஆகிய நான்கையும் உறுதிசெய்யும் தொடர்பாடல் நெறி, அதிகாரத்தைக் கணக்குக்காட்ட வைக்கும் கருவியாகும். பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறி நாளை இதே கந்தோர்களில் அமரவிருப்போரில் தோட்டத்துப் பிள்ளைகளும் உளர். தொலைபேசி ஒலிக்கும்போது மறுமுனையிலிருக்கும் முதியவளை ‘நீங்கள்’ என்று விளித்து, தம் பெயரைக் கூறி, அவளது மொழியில் விடையளிப்பார்களாயின், ‘இங்கே வா’ எனத் தொடங்கிய வரலாற்றின் ஒரு பக்கமேனும் திருத்தி எழுதப்படும்.