கம்ப்யூட்டர் பைலுக்கும் கைரேகை உண்டு!

கடையின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. உள்ளே கொடுக்கும் சரக்கு மட்டும் போலி! 2016-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி இன்டர்நெட்டில் இப்படி ஒரு மோசடி நடந்தது.

"லினக்ஸ் மின்ட்" என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். இலவசமாகக் கிடைப்பது. அதன் இணையதளத்துக்குள் விஷமிகள் புகுந்தார்கள். ஒரு பைலுக்குப் போகும் வழியைத் திருப்பிவிட்டார்கள். அந்த வழியே போனவர்களுக்குப் போலி பைல் கிடைத்தது. பார்வைக்கு அசல்தான். ஆனால் அதில் ஒரு கள்ளக்கதவு இருந்தது!

அசல் எது, போலி எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டல் கணக்கு

மளிகைக் கடைச் சீட்டைப் பாருங்கள். 25, 40, 35. மொத்தம் 100. யாராவது 40-ஐ 45 என்று திருத்தினால் மொத்தம் 105 ஆகிவிடும். குட்டு வெளிப்பட்டுவிடும்!

பைலுக்கும் இப்படிக் கணக்குப் போடலாம். அந்த விடைக்கு "செக்சம்" என்று பெயர். அதுதான் பைலின் கைரேகை.

ஆனால் திருடன் 40-ஐ 45 ஆக்கி, 35-ஐ 30 ஆக்கினால்? மொத்தம் அதே 100! ஆகவே, சாதாரணக் கூட்டல் போதாது. "ஷா-256" என்ற கடினமான கணக்கு இருக்கிறது. பைல் எவ்வளவு பெரிதானாலும் விடை 64 எழுத்துகள்தான். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும்.

1991-ல் வந்த "எம்.டி.5" பழைய கணக்கு. வெவ்வேறு பைல்களுக்கு ஒரே விடை வரச் செய்ய முடியும் என்று 2004-ல் சீனப் பெண் விஞ்ஞானி சியாயுன் வாங் குழுவினர் காட்டிவிட்டார்கள்.

நீங்கள் என்ன செய்யவேண்டும்?

பைலைத் தயாரித்தவர்கள் அதன் செக்சத்தை வெளியிடுவது உண்டு. பைலை இறக்கியதும், உங்கள் கம்ப்யூட்டரில் அதே கணக்கைப் போடுங்கள். விண்டோசிலும் லினக்சிலும் அதற்கான வசதி இருக்கிறது. இரண்டு விடைகளையும் ஒத்துப்பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த பைல் வேண்டாம். அழித்துவிட்டு, மறுபடியும் இறக்குங்கள்.

செல்போன், டி.வி. போன்ற கருவிகளை உள்ளிருந்து இயக்குவது "பெர்ம்வேர்". அதைப் புதுப்பிக்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. பழுதான பைலை ஏற்றினால், கருவி அப்புறம் எழுந்திருக்காமலே போகலாம்!

இன்னொரு விஷயம். பைலை மாற்றிய திருடன், அதே பக்கத்தில் உள்ள செக்சத்தையும் மாற்றிவிடலாம் அல்லவா? ஆகவே, முடிந்தால் நம்பிக்கையான வேறு இடத்திலும் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

மின்ட் தயாரிப்பாளர்கள் அசல் பைல்களின் செக்சத்தை உடனே வெளியிட்டார்கள். ஒத்துப்பார்த்தவர்கள் போலியை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. போலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டவர்களோ எல்லாவற்றையும் அழித்து, புதிதாக ஏற்றி, ரகசியச் சொற்களையும் மாற்றவேண்டியதாயிற்று.

ஒரு நிமிட வேலை. சோம்பல் வேண்டாம்!