புதுமை வந்தது, தொடர்பு போயிற்று!

அன்று ஒரு சனிக்கிழமை. நம் மூத்த மகள் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றை இரவு பன்னிரண்டு மணிக்குள் இணையம் வழியாக அனுப்பியாக வேண்டும். இரண்டு வாரம் உழைத்து எழுதிய கட்டுரையும், ஒவ்வொன்றாகச் சேகரித்த சான்றிதழ்களின் படிகளும் மடிக்கணினிக்குள் காத்திருந்தன. முந்தின இரவு, கணினியின் இயக்க முறைமையைப் புதிய பதிப்புக்கு உயர்த்தலாமா என்று திரை கேட்ட கேள்விக்கு, நம் இளைய மகன் 'ஆம்' என்று விடையளித்துவிட்டு உறங்கப் போயிருந்தான்.

காலையில் கணினி புதுப்பொலிவுடன் விழித்தது. எழுத்துகள் அழகாய் இருந்தன, படங்கள் பளிச்சிட்டன. ஆனால் திரையின் கீழ் மூலையில் வழக்கமாய்க் காணும் வைஃபை அடையாளத்தைக் காணோம்! இணைப்பு இல்லை என்று உணர்த்தும் சிறு உலக உருண்டையொன்று அங்கே நின்றது. வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலே இல்லை.

அதன்பின் நடந்தவற்றைச் சொல்ல நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது. ரவுட்டர் பெட்டியை நான்கு முறை அணைத்து ஏற்றினோம். இணைப்புத் தரும் நிறுவனத்தைக் குறை கூறினோம். கடவுச்சொல்லை மாற்றியது யார் என்று விசாரணை நடத்தினோம். மாலை நெருங்கவே, மகள் கண்ணீர் வடிக்க, "உன்னை யாரடா அதைத் தொடச் சொன்னது?" என்று சிறுவன்மேல் சீறி விழுந்தோம். அவன் ஒன்றும் பேசாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எதுவரை உயிர் இருக்கிறது?

அவ்வேளையில், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்தார் அடுத்த வீட்டுப் பெரியவர். தொலைபேசித் துறையில் கம்பி பழுதுபார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். கணினி அவருக்குப் பழக்கமன்று. எனினும் நம் கதையைக் கேட்டபின் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அம்மா, இந்த வீட்டில் எதுவரை உயிர் இருக்கிறது என்று பார்த்தீர்களா?"

நாம் விழித்தோம். அவர் விளக்கினார். "ஒரு வீட்டில் தொலைபேசி பேசவில்லை என்றால் நாங்கள் கருவியை உடனே பிரிக்கமாட்டோம். கம்பத்தில் சோதிப்போம். அங்கே ஒலி இருந்தால் பழுது வீட்டுப் பக்கம். இல்லாவிட்டால் நிலையத்துப் பக்கம். பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பழுது தப்பியோட இடமிராது. உங்கள் கைப்பேசியில் அதே வைஃபை வருகிறதா?"

வந்தது. ஆகவே தெருவிலிருந்து வரும் இணைப்பு நலம், ரவுட்டர் நலம், கடவுச்சொல் நலம். பழுது மடிக்கணினிக்குள்ளேதான். அரை நிமிடத்தில் முடிந்த இச்சோதனையை நாம் காலை முதல் செய்யவில்லை.

"சரி, வானொலி வழி அடைத்துக் கிடக்கிறது. கம்பி வழி ஒன்றும் இல்லையா?" என்றார் பெரியவர். மாடிப்படியிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "தாத்தா, கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியில் சேர்த்து, யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைத் திறந்தால் இணையம் வருமே!" அவ்வாறே செய்தோம். வந்தது. இரவு பத்து மணிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

எசமான் மாறினால் துபாஷி திணறுவான்

நல்லபடியாக இருந்த இணைப்பு, மேம்படுத்தியபின் ஏன் மறையவேண்டும்? அதன் பின்னர் ஆர அமர இதனை ஆராய்ந்தோம். வாசகர் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

கணினிக்குள் வைஃபை அலைகளைப் பெறவும் அனுப்பவும் சிறு கருவி ஒன்று உண்டு. அதற்கு அடாப்டர் என்று பெயர். இயக்க முறைமைதான் கணினியின் எசமான். ஆயினும் எசமானின் மொழி கருவிக்குத் தெரியாது; கருவியின் மொழி எசமானுக்குத் தெரியாது. கும்பினியார் காலத்துச் சென்னையில் வெள்ளைக்கார வணிகருக்கும் ஊராருக்கும் இடையே நின்ற துபாஷியைப் போல, இவ்விரண்டிற்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் சிறு மென்பொருளே டிரைவர் எனப்படுவது.

இயக்க முறைமையை உயர்த்துவது எசமானை மாற்றுவதாகும். புதியவரின் ஆணைகள் பழைய துபாஷிக்கு விளங்காமற் போகலாம். அல்லது, புதியவர் தம்முடன் ஒரு பொதுத் துபாஷியை அழைத்து வர, அவனுக்கு நம் பழைய கருவியின் வழக்குச் சொற்கள் தெரியாமற் போகலாம். கருவி பழுதுபடவில்லை, அதனுடன் பேசத்தான் ஆளில்லை. நம் வீட்டுக் கணினியில் நேர்ந்ததும் இதுவே. கணினியைத் தயாரித்தவர்கள் தரும் உரிய டிரைவரை இறக்கி நிறுவியதும் வைஃபை அடையாளம் தன் மூலைக்குத் திரும்பிவிட்டது.

உலகறிந்த மூன்று நிகழ்ச்சிகள்

இத்தகைய தொல்லை நம் வீட்டிற்கு மட்டும் உரியதன்று.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியாயிற்று. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றைப் பயன்படுத்தியோர் முதல் ஓராண்டுக்கு இலவசமாகவே அதற்கு மாறலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. 8.1இலிருந்து மாறிய சிலருடைய கணினிகளில் அடாப்டர் நன்றாக இருந்தும் வைஃபை வலையமைப்புகள் தோன்றவில்லை. அலுவலக வலையமைப்புடன் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள முன்பு நிறுவப்பட்ட பழைய வி.பி.என். மென்பொருள்கள் சிலவே இதற்குக் காரணமாயின. அவை வழியில் நிறுத்தியிருந்த வடிகட்டி ஒன்று, எசமான் மாறிய பின்னும் வாயிலை மறித்துக்கொண்டு நின்றது. அந்த எச்சத்தை நீக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்டது.

2016 டிசம்பரில் வேறொரு வகைத் தொல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் பலருடைய விண்டோஸ் 10 கணினிகளுக்கு இணையம் கிட்டவில்லை. இங்கே அலை இருந்தது, முகவரி இல்லை. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரி வழங்கும். கதவிலக்கம் இல்லாத வீட்டிற்குக் கடிதம் வராதன்றோ? முகவரி பெறாத கணினிக்கும் அதே நிலைதான். அப்பொழுது மைக்ரோசாஃப்ட் கூறிய முதல் அறிவுரை, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள் என்பதே. அணைத்து ஏற்றுவது போதாது என்றனர். ஏனெனில் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவாக விழிப்பதற்காகக் கணினி தன் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டே அணைகிறது. குழப்பமும் அத்துடன் சேமிக்கப்பட்டுவிடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தவர்களுள் நாமும் அடக்கம்.

2023 டிசம்பரில், விண்டோஸ் 11க்கு வந்த புதுப்பிப்பு ஒன்றின்பின் சில கணினிகள் வைஃபையில் சேர மறுத்தன. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கல்லூரி, நிறுவன வலையமைப்புகளில் இத்தொல்லை பெரிதும் காணப்பட்டது. சில நாட்களிலேயே அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது.

மூன்று நிகழ்ச்சி; மூன்று காரணம். ஒன்றில் வழி மறிக்கப்பட்டது. ஒன்றில் முகவரி கிட்டவில்லை. ஒன்றில் நுழைவுச் சோதனை தடைப்பட்டது. வெளியில் தெரியும் நோய் மட்டும் ஒன்றே: 'வைஃபை வரவில்லை.' ஆகையால் நோயின் பெயரைக் கேட்ட அளவிலே மருந்து கொடுக்கலாகாது.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

முதலாவது, பெரியவர் சொன்ன சோதனை. அதே வைஃபை கைப்பேசியில் வருகிறதா என்று பாருங்கள். கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் அது நம்மை ஏமாற்றிவிடும். அங்கும் வரவில்லையெனில் கணினியைத் தொட வேண்டாம். ரவுட்டரையும் வெளி இணைப்பையும் கவனியுங்கள்.

இரண்டாவது, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'ஏர்பிளேன் மோடு' தவறுதலாக இயங்குகிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் வைஃபையை நிறுத்தும் பொத்தான் விசைப்பலகையிலேயே உண்டு, அதுவும் காரணமாயிருக்கலாம்.

மூன்றாவது, டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பைத் திறந்து நோக்குங்கள். வைஃபை கருவியின் பெயருக்கு அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருந்தாலும், அப்பெயரே இல்லாமலிருந்தாலும், டிரைவர்மேல் ஐயங்கொள்ளலாம். முந்திய டிரைவருக்குத் திரும்பும் வசதி அங்கே திறந்திருந்தால் அதனை முயன்று பார்க்கலாம். அன்றேல், கணினியின் மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதனைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே உரிய டிரைவரை இறக்குங்கள். முன்பின் அறியாத தளங்கள் தரும் 'டிரைவர் சீரமைப்பு' மென்பொருள்களை நம்பலாகாது. அவற்றுள் தீங்கு பயக்கும் நிரல்கள் ஒளிந்திருத்தல் கூடும். இணையமே இல்லாதபோது இறக்குவது எங்ஙனம் என்கிறீர்களா? கைப்பேசியும் யூ.எஸ்.பி. கம்பியும் இருக்கின்றனவே!

நான்காவது, சற்று நேரம் வந்து பின் அறுந்துபோகும் இணைப்பாயின், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி அடாப்டரை அணைத்துவிடுகிறதா என்று பாருங்கள். அடாப்டரின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் என்னும் பக்கத்தில் அந்த இசைவை நீக்கலாம்.

ஐந்தாவது, எதற்கும் இணங்காவிடில் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. இது அடாப்டர்களை நீக்கி மீண்டும் நிறுவும். நினைவிலிருந்த வைஃபை கடவுச்சொற்கள் மறைந்துபோகும். ஆகவே அவற்றை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

சில வேளை குறை ரவுட்டரிலும் இருக்கலாம். வைஃபைக்கு அடிப்படையான தொழில்நுட்ப விதி 1997இல் வகுக்கப்பட்டபோது, அதனுடன் வந்த பூட்டு முறை டபிள்யூ.இ.பி. எனப்பட்டது. 2001இலேயே அப்பூட்டு வலுவற்றது என ஆய்வாளர் காட்டிவிட்டனர். 2004இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 என வலிய பூட்டுகள் வந்தன. பழைய பூட்டைக் கண்டால் பாதுகாப்பற்றது என்று 2019 முதல் விண்டோஸே எச்சரிக்கிறது. புதிய எசமான் பழைய பூட்டை ஐயுறுவதில் தவறில்லை. அதனைக் குறை கூறாமல் ரவுட்டரின் பூட்டு முறையை மாற்றுவதே அறிவுடைமை.

வெள்ளம் வருமுன்

அப்படியானால் மேம்படுத்தாமலே இருந்துவிடலாமே என்று சிலர் கருதலாம். அதுவும் ஆபத்தே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இற்றுப்போன வீட்டில் நகையை வைப்பதை ஒக்கும். மாறத்தான் வேண்டும், மாறும் நேரத்தை நாம் தெரிந்தெடுக்க வேண்டும்.

தேர்வுக்கோ, விண்ணப்பக் கடைசி நாளுக்கோ முந்தின நாள் மேம்படுத்த வேண்டாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ படியெடுங்கள். கணினிக்குரிய வைஃபை டிரைவரையும் அதே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். வி.பி.என். மென்பொருள் பழையதாயின் நீக்கிவிட்டு, பின்னர் புதியதை நிறுவுங்கள். விண்டோஸ் 11க்கு மாறியபின் மனம் ஒப்பவில்லையெனில், பழைய பதிப்புக்குத் திரும்புவதற்குப் பொதுவாகப் 10 நாள் தவணை உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அந்நாட்களுக்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும்.

இனி ஒரு சொல். அன்றிரவு விண்ணப்பம் போனபின், மகனை அருகில் அழைத்தோம். அவன் செய்ததில் ஒரு பிழை உண்டு. வீட்டாரைக் கேளாமல் செய்தான். நாம் செய்ததில் பிழை பல. கோப்புகளுக்குப் படி எடுத்து வைக்காதவர் யார்? விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை இழுத்தவர் யார்? பழுது எங்கே என்று தேடாமல், குற்றவாளி யார் என்று தேடியவர் யார்? இவற்றையெல்லாம் அவனிடமே ஒப்புக்கொண்டோம். "அப்படியானால் டிரைவரை நானே போடட்டுமா?" என்று கேட்டான். போட்டான்.

கணினியின் இணைப்பு ஓர் இரவில் திரும்பிவிட்டது. கடுஞ்சொல்லால் அறுந்த இணைப்பு அத்தனை எளிதில் திரும்புவதில்லை. அதற்கு இறக்கி நிறுவ எந்தத் தளத்திலும் டிரைவர் கிடையாது. ஆதலால் அடுத்த முறை இல்லத்தில் ஏதேனும் பழுதுறும்போது, 'யார் செய்தது?' என்று கேட்குமுன், 'எதுவரை உயிர் இருக்கிறது?' என்று கேட்கப் பழகுவோம்.