மலைக்குளிரில் மதுவம்

நம் கல்லூரியின் பழைய மாணவருள் மலைநாட்டிலே ஆசிரியப் பணி புரிவோர் சிலர். யானும் அவருள் ஒருவன். ஆசிரிய கலாசாலையிற் பயின்றது தமிழேயாயினும், விஞ்ஞான ஆசிரியர் வாராத ஒரு நாள், நுவரெலியாவை அடுத்த ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் வகுப்பை மேற்பார்க்க நேர்ந்தது.

போத்தலில் நீரும் சீனியும் மதுவமும் இட்டு, வாயிலே பலூனைப் பூட்டினால் அரை மணியில் அது பருக்கும் என்பது பாடநூலின் கூற்று. மாணவர் அவ்வாறே செய்தனர். பாடவேளை முடிந்தும் பலூன் துவண்டே கிடந்தது. “பரிசோதனை பிழைத்தது” என்று குறிப்பேட்டில் எழுதுமாறு பணித்தேன். உண்மையிற் பிழைத்தவன் யானே.

மதுவம் உயிருள்ள நுண்ணிய பங்கசு. காற்றுப் புகாதவிடத்து அது சீனியைச் சிதைத்து அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் உண்டாக்கும். பலூனை நிரப்புவது அவ்வாயுவே. உயிருள்ள மதுவமே இதனைச் செய்கிறதென லூயி பாஸ்டர் 1857 முதலாக நிறுவினார். மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாறும் இதனைச் செய்யுமென எட்வேட் புக்னர் 1897இல் காட்டினார். எனவே உள்ளிருந்து தொழில் புரிவன நொதியங்கள். அவற்றின் வேகம், வெப்பநிலை 10 பாகை உயர ஏறக்குறைய இருமடங்காகும். 30 முதல் 35 பாகை செல்சியசு அவற்றுக்கு மிக உகந்தது. 60 பாகையை அணுகினால் மதுவம் மடியும். கொழும்பின் 28 பாகை அறையும், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் 16 பாகை அறையும் ஒன்றாகுமா? அங்கே அரை மணியில் முடிவதற்கு இங்கே ஒரு மணிக்கு மேலும் வேண்டும்.

இதனை எனக்கு உணர்த்தியவள் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி. “தோசை மாவுப் பானையை அம்மா கம்பளியாற் சுற்றி அடுப்பருகே வைப்பாங்க, சார்” என்றாள்.

மறுநாள் மூன்று போத்தல்கள் வைத்தோம். கைபொறுக்கும் வெந்நீர் ஊற்றி, வெந்நீர்ச் சட்டியில் நிறுத்திய போத்தலின் பலூன் பாடவேளைக்குள் நிமிர்ந்தது. குழாய்நீர்ப் போத்தலின் பலூன் பாடசாலை விடும் வேளையிலேதான் தலைதூக்கிற்று. கொதித்திறக்கிய நீரிட்டது அசையவேயில்லை. (அவ்வுயரத்தில் நீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும், மதுவத்தைக் கொல்ல அது தாராளம்.) சீனியை அள்ளிக் கொட்டிய ஒருவனது போத்தலும் சோம்பிற்று: மிகுந்த சீனி மதுவக் கலங்களின் நீரை வெளியே இழுத்துவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்து செம்புநிறம் பெறுவதையும் நொதித்தல் என்றே வழங்குவர். அங்கே மதுவத்துக்கு வேலையில்லை. இலையின் சொந்த நொதியங்கள் காற்றின் ஒட்சிசனைக்கொண்டு செய்யும் ஒட்சியேற்றம் அது. அங்கும் வெப்பநிலையைக் காத்தே தீரவேண்டும்.

குறிப்பேடுகளைத் திரும்பக் கொடுத்தேன். “பிழைத்தது” என்ற சொல்லை வெட்டிவிட்டு, மாணவர் அதனருகே அறையின் வெப்பநிலையை எழுதினர்: 15 பாகை.