டிரெய்லர் இழுக்கும் காரும் காற்று அதிர்வுதாங்கியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விடுமுறைக் காலம் தொடங்கியதும் நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சி பெருகிக் காணப்படும். முன்னே ஒரு குடும்பத்தின் கார். பின்னே சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு, அன்றேல் படகேற்றிய டிரெய்லர். டிரெய்லரை இணைத்த அளவிலேயே காரின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிர்ந்துவிடுகிறது. இரவில் முன்விளக்குகளின் ஒளி சாலையை விட்டு எதிரே வருவோரின் கண்களில் பாய்கிறது. ஸ்டீரிங் கைக்கு இலேசாகத் தோன்றுகிறது. இக்குறையைப் போக்குவதற்கென விற்கப்படும் கருவியே காற்று நிரப்பும் பின்புற அதிர்வுதாங்கி; பட்டறைகளில் இதனை ‘ஏர் ஷாக்’ என்பர். மன்றோ, கேப்ரியல் முதலிய நிறுவனங்களின் பெயரால் இவை பல்லாண்டுகளாகக் கடைகளில் கிடைத்து வந்துள்ளன. வாங்க வருவோர் விலையையும் பொருத்தத்தையும் வினவுவது இயல்பு. ஆயினும் இக்கருவி எக்குறையை நீக்கும், எதனை நீக்காது என்பதே முதலில் வினவத்தக்கது.

அதிர்வுதாங்கி என்னும் பெயரே சிறிது மயக்கம் தருவது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கே. அது பட்டை ஸ்பிரிங்காக இருக்கலாம், சுருள் ஸ்பிரிங்காகவும் இருக்கலாம். மேட்டில் ஏறி இறங்கிய ஸ்பிரிங்கைத் தன்போக்கில் விட்டால் அது பலமுறை மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதுதான் அதிர்வுதாங்கியின் தொழில். அதன் உருளைக்குள் பிஸ்டன் நகரும்போது எண்ணெய் நுண்ணிய துளைகளின் வழியே நெருக்குண்டு செல்ல, அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. அசைவு இல்லாத பொழுது சாதாரண அதிர்வுதாங்கி ஏறத்தாழ எந்த எடையையும் சுமப்பதில்லை. எனவே தாழ்ந்துபோன காருக்குப் புத்தம்புதிய சாதாரண அதிர்வுதாங்கியைப் பூட்டினாலும் உயரம் மீளாது. தளர்ந்துபோன ஸ்பிரிங்குக்கு அதிர்வுதாங்கியை மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் எந்நாட்டிலும் உண்டு.

காற்று அதிர்வுதாங்கியிலும் எண்ணெயும் பிஸ்டனும் உள்ளன. அவற்றோடு, வெளியுருளையைச் சுற்றி ஓர் இரப்பர் உறையும் அமைந்திருக்கும். மெல்லிய குழாய் ஒன்று உறையிலிருந்து காரின் பின்புறத்திலுள்ள வால்வுக்குச் செல்லும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பினாலேயே இதனை நிரப்பலாம். உறைக்குள் அமுக்கம் ஏறுந்தோறும் அது அதிர்வுதாங்கியை நீளச்செய்து காரின் உடலை மேலே தூக்கும். ஆகவே இஃது அதிர்வுதாங்கியாகவும் துணை ஸ்பிரிங்காகவும் ஒருங்கே தொழில் புரிகிறது. 1960-களில் காடிலாக் போன்ற பெரிய கார்கள் சிலவற்றில், எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் சிறு பம்பு ஒன்று உயரத்தைத் தானே சரிசெய்தது. பிரான்சில் சித்ரோவான் நிறுவனம் 1954-இல் ஒரு காரின் பின்புறத்திலும், 1955-இல் வெளிவந்த டி.எஸ். காரின் நான்கு சக்கரங்களிலும், வாயுவையும் எண்ணெயையும் கொண்டு இவ்வேலையை இன்னும் நுட்பமாகச் செய்து காட்டியது. தனியே வாங்கிப் பூட்டுவதில் அத்தகைய தானியங்கும் அமைப்பு பெரும்பாலும் இராது. காற்றை ஏற்றுவதும் இறக்குவதும் உரிமையாளரின் பொறுப்பு.

இனி ஒரு கணக்கை நோக்குக. காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 300 செ.மீ. எனவும், டிரெய்லரைப் பூட்டும் இரும்புக் குமிழ் பின் அச்சுக்கு 120 செ.மீ. பின்னால் இருப்பதாகவும் கொள்க. 1,500 கிலோகிராம் எடையுள்ள டிரெய்லர் அக்குமிழின்மேல் 180 கி.கி. பாரத்தை அழுத்துகிறது. இப்பாரம் பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு நெம்புகோல் போல் இயங்கும். 180-ஐ 120-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 72 கிடைக்கும். முன் அச்சு இழக்கும் எடை இதுவே. பின் அச்சின்மேல் ஏறுவது 180 அன்று. 180-உம் 72-உம் சேர்ந்த 252 கி.கி. இதனால் பின்புறம் 6 செ.மீ. தாழ்ந்து, முன்புறம் 2 செ.மீ. உயர்ந்ததாகக் கொள்ளலாம். 300 செ.மீ. நீளத்தில் 8 செ.மீ. சாய்வு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 100 மீட்டருக்கு அப்பால் அது 2.6 மீட்டருக்கு மேற்பட்ட உயர வேறுபாடாகிறது. தாழ்த்திவைத்த விளக்கொளியும் எதிரே வருபவரைக் கூசச் செய்வதன் காரணம் இதுவே.

இப்பொழுது காற்றை நிரப்புக. பின்புறம் பழைய உயரத்தை அடைகிறது. விளக்குகளும் பெரும்பாலும் சீராகின்றன. பார்வைக்குக் கார் மட்டமாகிவிட்டது. ஆனால் அதனை எடைமேடைக்கு ஓட்டிச் சென்று முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தினால், காற்றடிப்பதற்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே எடையைத்தான் காட்டும். இழந்த 72 கி.கி. திரும்பி வரவில்லை. காற்று, காருக்கும் அதன் சொந்த அச்சுக்கும் இடையேதான் தள்ளுகிறது. குமிழின்மேல் உள்ள பாரமோ அதன் தொலைவோ மாறவில்லையாதலின் நெம்புகோலின் கணக்கும் மாறாது. எடைமேடை அருகில் இல்லாதோர் ஓர் அளவு நாடாவைக் கொண்டே இதனைக் கண்டறியலாம். பின்புறம் சரியான பின்னரும் முன் சக்கர வளைவு ஏறத்தாழ அந்த 2 செ.மீ. உயர்ந்தபடியே நிற்கும். காரைத் திருப்புவதும், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வதும் முன் சக்கரங்கள். ஈரச் சாலையில், வளைவில், திடீரென்று பிரேக் போடும்போது அந்த எடை அங்கே இருத்தல் வேண்டும்.

இழந்த எடையை முன்னே திருப்பி அனுப்ப வேறொரு கருவி உண்டு. எடைப் பகிர்வு இணைப்பு எனப்படும் அதில், குமிழிடத்திலிருந்து டிரெய்லரின் சட்டத்தை ஒட்டிப் பின்னோக்கி நீளும் இரண்டு வில்கம்பிகள் உள்ளன. அவற்றின் முனைகளைச் சங்கிலியால் மேலே இழுத்துக் கட்டும்போது, இணைப்பு ஓரளவு விறைத்துக் காரையும் டிரெய்லரையும் ஒரே உத்தரம்போல் ஆக்குகிறது. பாரத்தின் ஒரு பங்கு முன் சக்கரங்களுக்கும், ஒரு பங்கு டிரெய்லரின் சக்கரங்களுக்கும் செல்கிறது. கனத்த டிரெய்லருக்கு முதலில் நாடவேண்டியது இதுவே. இதனைச் சரிசெய்த பின்னும் எஞ்சும் சிறு தாழ்வுக்குக் காற்றைப் பயன்படுத்தலாம். அளவுக்கு மிஞ்சிக் காற்றடித்துக் குமிழை உயர்த்தினால் வில்கம்பிகளின் இறுக்கம் தளர்ந்து, செய்த வேலை வீணாகும். இத்தகைய இணைப்பைக் காரை உருவாக்கியவரின் கையேடு அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாழ்வைக் கண்டு அஞ்சிச் சிலர் செய்யும் ஒரு செயல் மிகக் கொடியது. டிரெய்லரிலுள்ள சாமான்களைப் பின்னோக்கி நகர்த்திக் குமிழின்மேலுள்ள பாரத்தைக் குறைத்துவிடுகின்றனர். கார் மட்டமாக நிற்கும். ஆனால் வேகம் ஏறியதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அவ்வாட்டம் ஒரு வரம்பைக் கடந்தால் காரையே சாலையிலிருந்து எறிந்துவிடக்கூடும். மாட்டு வண்டி ஓட்டுவோர் பாரம் ஏற்றும்போதே முன்பாரம், பின்பாரம் பார்ப்பது போல, இங்கும் முன்பாரம் ஓரளவு இருந்தே தீரவேண்டும். அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு குமிழின்மேல் இருத்தல் நன்று என்பர். பிரிட்டனில் இலேசான காரவான்களுக்கு 5 முதல் 7 பங்கு என்பது வழக்கமான அறிவுரை.

தேர்ந்தெடுக்கும்போது அடுத்து நோக்கவேண்டியது, அதிர்வுதாங்கி பூட்டப்படும் இடம். மேற்கண்ட கணக்கில் பழைய உயரம் முழுவதும் காற்றினாலேயே மீளுமாயின், மிகுதியான 252 கி.கி. எடை முழுவதையும் காற்றே சுமக்கிறது. பக்கத்துக்கு 126 கி.கி. உறையின் பயன்படு பரப்பு 28 சதுர செ.மீ. ஆயின், சதுர செ.மீ.க்கு 4.5 கி.கி. அமுக்கம், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 64 பவுண்டு தேவை. அதிர்வுதாங்கி சாய்ந்தோ, சக்கரத்துக்கு உள்ளே தள்ளியோ இருந்தால் இன்னும் மிகும். பள்ளத்தில் விழுந்தெழும்போது இவ்விசை ஒரு கணம் பலமடங்காகும். பல கார்களில் அதிர்வுதாங்கியின் மேற்பிடிப்பு ஆட்டத்தை அடக்கும் விசைக்கென்றே செய்யப்பட்டது; எடையைச் சுமப்பதற்கு அன்று. துருவேறிய பழைய காரில் அப்பிடிப்பு வெடிப்பதும், தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வருவதும் உண்டு. ஆகவே வாங்குமுன் காரின் அடியில் படுத்துப் பார்ப்பது நலம். பின்புறம் சுருள் ஸ்பிரிங்கு உள்ள காருக்கு, சுருளின் நடுவே செருகும் இரப்பர்க் காற்றுருளை பெரும்பாலும் இதனினும் மேலானது. பாரம் அங்கே ஸ்பிரிங்கு அமரும் உறுதியான இடத்திலேயே இறங்குகிறது. மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரில் 1949-இல் தொடங்கிய ஏர் லிப்ட் நிறுவனம் இத்தகைய உருளைகளுக்குப் பெயர் பெற்றது. பட்டை ஸ்பிரிங்கு உள்ள காருக்கு ஒரு துணைப் பட்டையைச் சேர்க்கலாம். ஆனால் டிரெய்லர் இல்லாத நாட்களிலும் அதன் விறைப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காற்றின் சிறப்பு, வேண்டாதபோது இறக்கிவிடலாம் என்பதே.

பிடிப்பு உறுதியாயின், நீளங்களை அளக்கவேண்டும். முற்றும் சுருங்கிய நீளமும் முற்றும் விரிந்த நீளமும் பழையதோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது. காற்று நிறைந்த உறை பருத்து டயரையோ, பிரேக் குழாயையோ, புகைக்குழாயையோ தீண்டலாகாது. ‘சரிசெய்யத்தக்கது’ என்னும் விளம்பரச் சொல் இருபொருள்படுவது: சிலவற்றில் காற்றால் உயரம் மட்டுமே மாறும், வேறு சிலவற்றில் ஆட்டத்தை அடக்கும் வலிமையை மாற்றலாம். நெதர்லாந்தின் கோனி அதிர்வுதாங்கிகள் இரண்டாம் வகைக்கு நெடுநாள் பெயர் பெற்றவை. அவ்வமைப்பு ஒன்றே தாழ்ந்த காரை உயர்த்தாது.

இரு பக்கங்களுக்கும் ஒரே குழாயும் ஒரே வால்வும் அமைப்பது மலிவு. ஆனால் வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது, அமுங்கும் உறையிலிருந்து காற்று மறுபக்க உறைக்குப் பெயர்ந்து சாய்வை மிகுவிக்கும். டிரெய்லர் இழுப்போர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வால்வுகள் உள்ளதையே கொள்க. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் நிற்கும்.

ஒவ்வொரு கருவிக்கும் குறைந்த அமுக்கம், உயர்ந்த அமுக்கம் என இரு வரம்புகள் குறிக்கப்பட்டிருக்கும். கீழ் வரம்புக்குக் குறைந்தால் உறை மடிந்து தன்னைத்தானே உராய்ந்து கிழியும். உறையில் அடங்கும் காற்று மிகக் குறைவாதலின் டயர்க் கடையின் பெரிய பம்பு ஒரு நொடியில் வரம்பை மீறிவிடும்; கைப்பம்பே பாதுகாப்பானது. அமுக்கமானியை வைத்து எடுப்பதிலேயே சிறிது காற்று போய்விடுமாகையால், மானியை அடிக்கடி வைப்பதைவிட உயரத்தை அளப்பதே தக்கது. நெடுந்தூர ஓட்டத்தில் எண்ணெய் சூடேறக் காற்றும் விரிந்து பின்புறம் சற்று உயரும். அதற்காக உடனே காற்றை இறக்கவேண்டியதில்லை. எத்துணைக் காற்றடித்தாலும் டயர், அச்சு, பிரேக் ஆகியவற்றின் சுமை வரம்பு ஒரு கிலோகூட உயராது. காரின் தகட்டில் பொறித்த எண்ணே முடிவானது.

டிரெய்லரைக் கழற்றியதும் காற்றைக் கீழ் வரம்புவரை இறக்கிவிடல் வேண்டும். இல்லையேல் பின்புறம் தூக்கி நின்று, அதிர்வுதாங்கி முன்னரே நீண்டிருக்குமாதலால், சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமின்றி இடிக்கும். புதிதாகப் பூட்டிய நாளில், காற்றை நிரப்பி இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா எனப் பார்த்து, பின் சக்கர வளைவின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, காரை ஓர் இரவு சமதரையில் நிறுத்தி மறுநாட் காலை மீண்டும் அளப்பது வழக்கம்.