பிள்ளையை முதுகில் சுமக்க ஒரு கேரியர்: யாருடைய முதுகுக்கு?

இன்னைக்கு எபிசோடுல ஒரு சுமையைப் பத்திப் பேசப் போறோம். ஒரு வயசு தாண்டின பிள்ளைய முதுகுல தூக்கிட்டு நடக்க எந்த மாதிரி கேரியர் வாங்கணும்? ஆன்லைன்ல தேடினா ஆயிரம் ரூபாய்லயும் கிடைக்குது, அதைவிடப் பல மடங்கு விலையிலயும் கிடைக்குது. எல்லாத்துலயும் 'கம்ஃபர்ட்'னு எழுதியிருக்கு. யாருக்கு கம்ஃபர்ட்னு மட்டும் எழுதல.

முதல்ல எடையைப் பார்த்துடுவோம். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி, ஒரு வயசு ஆண் பிள்ளையோட நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் பிள்ளைக்கு 8.9 கிலோ. ரெண்டு வயசுல அது 12.2, 11.5 ஆயிடும். அதாவது, கடையில வாங்குற பத்து கிலோ அரிசிப் பைக்குக் கையும் காலும் முளைச்சு, நடுவுல தூங்கவும் செஞ்சா எப்படி இருக்கும்? அதுதான். நம்ம வீடுகள்ல இந்த எடை பெரும்பாலும் அம்மாவோட ஒரு பக்க இடுப்புலதான் ஏறுது. ஒரு கை பிள்ளைக்கு, இன்னொரு கை மத்த எல்லா வேலைக்கும்.

வலி எங்கிருந்து வருது?

நம்ம ஊர்ல இதுக்கு விளக்கம் ஏற்கனவே இருக்கு. நான் சொல்றது ராஜா ஊர் புதுக்கோட்டை இல்ல, தூத்துக்குடியிலேருந்து திருநெல்வேலி போற ரோட்டுல இருக்குற புதுக்கோட்டை. இங்கேருந்து கடற்கரைப் பக்கம் போனா உப்பளங்கள். அங்க தலையில உப்புக் கூடை சுமக்குறவங்க சும்மாடு வச்சு, எடை நேரா கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் இறங்குற மாதிரி நிமிர்ந்து நடப்பாங்க. தண்ணிக் குடத்தையும் இடுப்போட ஒட்டித்தானே வைக்கிறோம்? அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிச்சுப் பாருங்க, ஒரு நிமிஷம் தாங்காது. குடத்தோட எடை மாறல, உடம்புலேருந்து இருக்குற தூரம்தான் மாறியிருக்கு. இன்ஜினியரிங்ல இதை டார்க்னு படிச்சோம்: எடையைத் தூரத்தால பெருக்கணும். பிள்ளை உங்க முதுகுலேருந்து ரெண்டு மடங்கு தள்ளி உட்கார்ந்தா, உங்களைப் பின்னால இழுக்குற திருப்பு விசையும் ரெண்டு மடங்கு. அதைச் சமாளிக்க நீங்க முன்னால குனியுறீங்க. சாயங்காலம் முதுகு வலிக்குது.

அதனால, நல்ல கேரியர் ரெண்டு வேலை செய்யணும். பிள்ளைய உங்க முதுகோட ஒட்ட வைக்கணும். எடையைத் தோள்லேருந்து இடுப்பெலும்புக்கு இறக்கணும். தோள்பட்டைப் பஞ்சு எவ்வளவு தடிமன்ங்கிறது இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

நாலு வகை

ஒண்ணு, பக்கிள் வச்ச மென்துணி கேரியர். இடுப்புப் பெல்ட், ரெண்டு தோள்பட்டை, பிள்ளை உட்கார ஒரு துணிப் பலகம். முன்னாலயும் போடலாம், முதுகுலயும் போடலாம். மடிச்சா ஒரு பைக்குள்ள அடங்கும். முதல் தடவை வாங்குறவங்கள்ல நிறைய பேருக்கு இதுவே போதும்.

ரெண்டு, சட்டகம் வச்ச மலையேற்றக் கேரியர். அலுமினியக் கம்பி, வெயில் மறைப்பு, சாமான் வைக்க அறை எல்லாம் இருக்கும். பிள்ளைக்கும் முதுகுக்கும் நடுவுல காத்து போகும். ஆனா வெறும் கேரியரே ரெண்டு, மூணு கிலோ வரும், பிள்ளையும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். கொடைக்கானல்ல நாள் முழுக்க நடக்குறவங்களுக்குச் சரி. டவுன் பஸ்ல ஏறி இறங்குறவங்களுக்கு இடைஞ்சல்.

மூணு, ஜப்பான்ல பிறந்த ஒன்புஹிமோ. இடுப்புப் பெல்ட்டே கிடையாது, முழு எடையும் தோள்ல. வயித்துல அழுத்தம் ஆகாதவங்க இதைத் தேடுறாங்க. ஆனா ரொம்ப நேரம் போட்டா தோள் வலிக்கும்.

நாலு, வெறும் நீளத் துணி. கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இதைவிடப் பொருத்தமா எதுவும் உட்காராது. கட்டப் பழக நாள் ஆகும்.

துணியில கட்டுறது ஒண்ணும் புதுசு இல்ல. 1960கள்ல அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர், பீஸ் கோர்ஸ் பணிக்காக மேற்கு ஆப்பிரிக்காவோட டோகோவுக்குப் போனாங்க. அங்க அம்மாக்கள் பிள்ளைகளைத் துணியால முதுகுல கட்டிக்கிட்டு வேலை செய்யுறதைப் பார்த்தாங்க. ஊருக்குத் திரும்பி, தன் அம்மாவோட சேர்ந்து அதே மாதிரி ஒண்ணு தைச்சாங்க. அதுதான் 1969ல காப்புரிமை வாங்கின ஸ்னக்லி.

பிள்ளையோட இடுப்பு

பிள்ளை கேரியர்ல உட்காரும்போது, துணி ஒரு முழங்கால்லேருந்து இன்னொரு முழங்கால் வரைக்கும் தாங்கணும். முழங்கால் பிட்டத்தைவிடக் கொஞ்சம் மேல இருக்கணும். பின்னாலிருந்து பார்த்தா ஆங்கில எம் எழுத்து மாதிரி தெரியும். ஆச்சி பிள்ளைய இடுப்புல வைக்கும்போது கால் ரெண்டும் விரிஞ்சு, மடங்கி இருக்கும் இல்லையா? அதே நிலைதான். காலை நேரா நீட்டிக் கட்டுற வழக்கம் உள்ள சமூகங்கள்ல இடுப்பு மூட்டு விலகல் அதிகம்னு மருத்துவர்கள் சொல்றாங்க. இந்தக் கவலை முதல் ஆறு மாசத்துலதான் பெருசு. ஒரு வயசுக்கு மேல கால் தொங்குற கேரியர்ல பிள்ளைக்குச் சௌகரியக் குறைவு, உங்களுக்கும் எடை கீழ இழுக்கும். முதுகுல ஏத்த, பிள்ளை தானா உறுதியா உட்காரப் பழகியிருக்கணும்.

வாங்குறதுக்கு முன்னால

யாரெல்லாம் தூக்கப் போறாங்கன்னு முதல்ல வீட்டுல பேசுங்க. அம்மா மட்டுமா, அப்பாவுமா, தாத்தாவுமா? பெல்ட்டும் பட்டையும் மெலிஞ்சவங்களுக்கும் பருத்தவங்களுக்கும் சரியா இறுகணும். அம்மா அளவுக்கு மட்டும் வாங்கினா, தூக்குற வேலை அம்மாவோடயே நின்னுடும்.

போட்டுப் பார்க்கும்போது பெல்ட்டை முதல்ல மாட்டுங்க. அது வயித்துல இல்ல, பக்கவாட்டுல கை வச்சா தட்டுப்படுற இடுப்பெலும்பு மேல உட்காரணும். சேலை கட்டுறவங்க சேலையோடயே போட்டுப் பாருங்க, கொசுவத்து மேல பெல்ட் வழுக்கும். பட்டைவிடப் பருத்தி பிடிச்சு நிக்கும். அப்புறம் தோள்பட்டை, நெஞ்சுப் பட்டை. பிள்ளையோட உச்சந்தலையில முத்தம் கொடுக்க முடியுற உயரம்ங்கிற கணக்கு முன்னால போடும்போதுதான். முதுகுல போடும்போது, உங்க தோளுக்கு மேல பிள்ளை எட்டிப் பார்க்குற உயரம் நல்லது.

அப்புறம் லோடு டெஸ்ட். கடையில ரெண்டு நிமிஷம் போட்டா எல்லாமே சுகமாத்தான் இருக்கும். தெரிஞ்சவங்ககிட்ட இருந்தா இரவல் வாங்கி, இருபது நிமிஷம் வீட்டுல நடங்க. மாடிப்படி ஏறுங்க, குனியாம முழங்காலை மடக்கி ஒரு சாமான் எடுங்க. தோள் எரிஞ்சா பெல்ட் வேலை செய்யலன்னு அர்த்தம். ஆன்லைன்ல வாங்கினா, திருப்பி அனுப்ப முடியுமான்னு பார்த்துட்டு வாங்குங்க. லேபிள்ல இருக்குற எடை வரம்பையும் பாருங்க.

நம்ம வெயிலுக்கு உள்ளே தடிமனாப் பஞ்சு வச்சது ஆகாது. மெல்லிய பருத்தியோ வலைத் துணியோ எடுங்க. எதுவா இருந்தாலும் ரெண்டு உடம்பு ஒட்டினா சூடு கூடும். உச்சி வெயில்ல வேண்டாம். அடிக்கடி இறக்கி, தண்ணி கொடுத்து, பிள்ளையோட கழுத்தைத் தொட்டுப் பாருங்க.

மூணு எச்சரிக்கை

முதுகுல இருக்குற பிள்ளை உங்க கண்ணுக்குத் தெரியாது. திருச்செந்தூர் கந்த சஷ்டிக் கூட்டத்துக்கோ பனிமய மாதா திருவிழாவுக்கோ தள்ளுவண்டி சரிப்படாது, கேரியர்தான் சரி. ஆனா கூட்டத்துக்குள்ள முன்னால போட்டுக்கங்க. முதுகுல இருந்தா, போன்ல செல்ஃபி கேமராவத் திறந்து அப்பப்போ முகத்தைப் பாருங்க.

முதுகுல பிள்ளையோட அடுப்புப் பக்கம் போகாதீங்க. எண்ணெய்ச் சட்டிக்கு எட்டுற தூரத்துல ஒரு சின்னக் கை இருக்கு.

பைக்ல இந்தக் கேரியர் கூடவே கூடாது. 2022 பிப்ரவரியில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிச்ச விதிப்படி, 9 மாசத்துலேருந்து 4 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை பைக்ல கூட்டிட்டுப் போக, ஓட்டுறவரோட இணைக்கிற தனிப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேணும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டை 30 கிலோ வரைக்கும் தாங்கணும். நடக்கத் தைச்ச கேரியரை அதுக்குப் பதிலா நினைச்சுடாதீங்க. அது வேற பொருள், இது வேற பொருள்.

முதல் தடவை முதுகுல ஏத்தும்போது கட்டில் ஓரமா நின்னு, பின்னால ஒருத்தரை நிக்க வச்சுப் பழகுங்க. டிஸ்க் பிரச்சினை, சிசேரியன் புண், பிள்ளைக்கு ஏற்கனவே இடுப்பு சிகிச்சை, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

இதைக் கேட்டுட்டு இருக்குற அப்பாக்களுக்கு ஒண்ணு. கேரியர் வந்ததும் முதல்ல உங்க இடுப்பு அளவுக்குப் பெல்ட்டை இறுக்குங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.