சின்ன நாயின் பெருங்குரல்

படலையை யாரேனும் தொட்டாற் போதும். வருபவர் தபாற்காரரா, சம்பந்தியம்மாவா என்று பார்ப்பதில்லை. முழங்காலுயரமுமில்லாத பொமரேனியன் வீட்டை இரண்டாக்கிவிடுகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலோ அவ்வோசை சுவரைக் கடந்து அயலவரின் படுக்கையறைக்குட் புகுகிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடிவைக்கிறது. அயலவர் முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்துகிறார். ஈற்றிற் பழி முழுவதும் நாயின் தலையில் விழ, அது பகலெல்லாம் சங்கிலியிற் கிடக்கிறது. அல்லது ஏதோவொரு சந்தையடியில் இறக்கிவிடப்பட்டுக் கட்டாக்காலியாகிறது.

சிறு நாய்கள் ஓயாது குரைப்பதற்கு மனிதனும் ஒரு காரணம். டெரியர் இன நாய்களை வேட்டைக்காரர் நரி பதுங்கும் வளைக்குள் அனுப்பினர். உள்ளே சென்ற நாய் இடைவிடாது குரைத்தாற்றான் எங்கே தோண்டுவதென்று மேலே நிற்பவருக்குத் தெரியும். அன்று விரும்பி வளர்த்த குணத்தை இன்று குற்றமென்கிறோம்!

தபாற்காரரை நாயின் கண்ணாற் பார்ப்போம். அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவதே அவர் தொழிலென்பதை நாய் அறியுமா? தன் குரலே அவரைத் துரத்தியதாக அதற்குத் தோன்றும். இன்பமான பயனைத் தரும் செயல் வேரூன்றுமென்பதை, அமெரிக்க உளவியலறிஞர் தோண்டைக் 1898ஆம் ஆண்டிலேயே பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். ஆகவே, குரைப்புக்குக் கூலி எங்கிருந்து கிடைக்கிறதென்று காண்பதே பாதி வேலை. விறாந்தையிலிருந்து அப்பா உரத்து அதட்டுகிறார். எசமானும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறாரென்றே நாய் கொள்ளும். தொல்லை தாளாது அம்மா ஒரு பிஸ்கற்றை எறிகிறார். அது கைமேற் கூலி.

முதலிற் படலையை நோக்கிய யன்னலின் கீழ்ப்பாதியைத் திரையால் மறையுங்கள். அதன்பின் பாடம். வீட்டில் ஒருவர் வெளியே நின்று கதவைத் தட்டட்டும். நாய் இரண்டு மூன்று முறை குரைக்கலாம். காவலுக்கு அவ்வளவு வேண்டியதுதான். அப்போது அருகிற் சென்று, தாழ்ந்த குரலில் ‘போதும்’ என்று ஒரு தரம் மட்டும் சொல்லி, நகத்தளவு அவித்த ஈரற்றுண்டை மூக்கருகே நீட்டுங்கள். மோப்பம் பிடித்துக்கொண்டே குரைப்பது நாய்க்கு அரிது. வாய் ஓய்ந்து 2 செக்கன் கழிந்ததும் துண்டைக் கொடுங்கள். மறுநாள் 5 செக்கன், பின்னர் 10, அதன்பின் அரை நிமிடம் என மௌனத்தை நீட்டுங்கள். சொல்லுக்கே நாய் அடங்கத் தொடங்கியதும் துண்டை முன்கூட்டிக் காட்டவேண்டாம். அடங்கிய பின் கொடுத்தாற் போதும். நாளுக்கு இருமுறை, முறைக்கு 5 நிமிடம். அதற்குமேல் மாணாக்கனுக்குச் சலிப்பு. சொக்கலேற் மட்டும் கொடாதீர்கள். அது நாய்க்கு நஞ்சு.

இதிலுள்ள சிரமம் பெரும்பாலும் நாயிடமன்று, வீட்டாரிடம். அப்பா ‘போதும்’ என்கிறார், அக்கா ‘சத்தம் போடாதே’ என்கிறாள், பாட்டி இரக்கப்பட்டு இறைச்சித் துண்டு போடுகிறார். எப்போதாவது கூலி கிடைக்கும் பழக்கமே மறக்கடிப்பதற்கு மிகக் கடியது; சூதாடியைப் பாருங்கள். தின்பண்டங் கேட்டுக் குரைக்கும் நாய்க்கு ஒன்றுங் கொடாது விட்டால், முதற் சில நாட்கள் குரைப்பு முன்னிலும் மிகும். அந்நேரத்தில் மனமிளகிக் கொடுத்தால், இன்னும் உரக்கக் குரைக்கவேண்டுமென்ற பாடத்தையே அது கற்கும்.

மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியைச் சிலர் நாடுகின்றனர். வேல்ஸ் நாடு 2010இல் அதனைத் தடைசெய்தது. அஞ்சிக் குரைக்கும் நாயை நோகச்செய்தால் அச்சமே பெருகும். பிரம்பெடுத்த ஆசிரியர்களின் வகுப்பறைகளும் இதற்குச் சான்று கூறும்.

பகல் முழுதும் தனித்துக் கிடக்கும் நாய்க்கு இப்பாடம் மட்டும் போதாது. காலையும் மாலையும் வெளியே நடத்திச் செல்லவேண்டும். அமைதியாயிருந்த முதிய நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால், நோவோ செவிட்டுத்தன்மையோ காரணமாகலாம். அதனை முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.